பல்லியைத் தொடாத காஞ்சிபுரத்துக்காரன்

முசரவாக்கத்துக்கு இன்னும் அரை மணி நேர நடை பாக்கி இருந்தபோது மொபெட்டில் வந்த ஒருவர் என்னருகே வண்டியை மெதுவாக்கினார். பின்னால் பட்டு நூல் மூட்டை கட்டியிருந்தார். எங்கள் தெருப் பக்கம் அடிக்கடி பார்க்கிற முகம்தான்.

"ஏம்பா, பின்னாடி வந்துக்கினு இருக்குதே, அது உன் பொண்ணு தானே?"

திரும்பிப் பார்த்தேன். இருநூறு அடி தள்ளி ஒரு புளியமரத்தடியில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, இரட்டைப் பின்னல், தோளில் புத்தகப்பை. நான் திரும்பியதும் அவள் வயலைப் பார்க்க ஆரம்பித்தாள். அறுவடை முடிந்த வயல். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"ஸ்கூல் அந்தப் பக்கம் இருக்குது, பொண்ணு இந்தப் பக்கம் வருது. நல்ல குடும்பம்பா!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கூப்பிட்டேன். அவள் வரவில்லை. அதட்டினேன். அதற்கும் வரவில்லை. சரி, பயந்து திரும்பிப் போகட்டும் என்று நான் பாட்டுக்கு நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் அதே இருநூறு அடியில் நிற்கிறாள். நான் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண். காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போல, வலிக்குது" என்று சுருண்டு படுத்திருந்தவள் அவள். இப்போது ஐந்து மைல் நடந்திருக்கிறாள்.

முசரவாக்கம் தாண்டித் திருப்புட்குழி நிறுத்தத்தில் பத்து மணிக்கு லாரி என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை நடந்தே போனால் பஸ் காசு மிச்சம். ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. அதில் குழாய் தூக்கிப் பொருத்துகிற வேலை எனக்கு. போனால் ஆந்திரா, கர்நாடகா என்று எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே போவோம். இருபது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். அதற்கு முன்னால் சாயப்பட்டறையில் நூல் அலசினேன், அரக்கோணத்தில் ஓட்டலில் மாவு ஆட்டினேன், ஓசூரில் மூன்று சக்கர வண்டியில் காய்கறி விற்றேன். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஓட ஆரம்பித்த கால் அப்புறம் நிற்கவே இல்லை. ஒரு வேலை பிடித்துப்போனாலும் மூன்று மாதத்தில் உள்ளங்கால் அரிக்கும். என் மனைவி வீட்டில் தறி நெய்கிறாள். எங்கள் வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தது அவள் ஒருத்திதான், அதனால்தான் அடுப்பு அணையாமல் இருந்தது.

மகளின் வயிற்றுவலி எனக்குத் தெரிய மூன்று மாதமாக இருந்தது. டாக்டர் சிவப்பு டானிக் கொடுத்தார். பக்கத்துத் தெரு பாய் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். கோயில் விபூதியும் பூசியாயிற்று. எதற்கும் கேட்கவில்லை. வகுப்பு டீச்சர் மூன்று முறை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அன்றைக்குக் காலையிலும் என் மனைவி தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபடி, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீ போ, வேணாம்னு சொல்லல. டீச்சரப் பாத்துட்டுப் போ. இன்னும் பத்து நாள் லீவு போட்டா பேர எடுத்துடுவாங்களாம்."

"அடுத்த தடவ வந்து பாக்கறேன்."

"அடுத்த தடவ அஞ்சாங்கிளாஸ் டீச்சரா இருப்பாங்க."

அதைக் காதில் வாங்காத மாதிரி துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான் நான். டீச்சர்களிடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம்.

முசரவாக்கத்தில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. கடைக்கார அம்மா கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். மகள் மடமடவென்று குடித்தாள். வடை வாங்கித் தந்தேன், தொடவில்லை.

"எதுக்குமா பின்னாடியே வந்த?"

அவள் சொம்பைப் பெஞ்சில் வைத்தாள்.

"அம்மா அனுப்பிச்சாளா?"

"இல்ல."

"டீச்சர் அடிச்சாங்களா?"

"எங்க மிஸ் அடிக்க மாட்டாங்க."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

அவள் வடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நீ பல்லிய தொட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எந்தப் பல்லியைச் சொல்கிறாள் என்று காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரதராஜர் கோயிலில் மேலே உத்தரத்தில் தங்கத்தில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றுமாகப் பதித்திருக்கிற பல்லி. மேலே பல்லி விழுந்த தோஷம் அதைத் தொட்டால் போகும் என்று ஊர் ஊராகப் பஸ் பிடித்து வருகிறார்கள். ஊர்க்காரர்களான நாங்கள் போவதில்லை. எங்கே போய்விடப் போகிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவோம். நானும் அப்படியே முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆந்திரா பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு போட்டுக்கொண்டிருந்தோம். தோட்டக்காரர் ஆள் மலை மாதிரி இருப்பார், மீசையும் அப்படி. அன்று காலையில் அவர் தோளில் பல்லி விழுந்துவிட்டது. ஆள் ஆடிப்போய்விட்டார். லாரியில் காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் என்னைத் தேடி வந்தார். அந்தப் பல்லியைத் தொட்டவர்கள் கையால் தொட்டாலே தோஷம் போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை.

"நீ தொட்டிருக்கிறாயா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"எத்தனையோ தடவை," என்றேன். வாய்தானே.

சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். கிரீஸ் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துவிட்டு அந்தத் தோளை மூன்று தடவை தடவிவிட்டேன். அன்று மத்தியானம் எங்கள் எட்டுப் பேருக்கும் பாயசத்தோடு சாப்பாடு. அதிலிருந்து லாரியில் எனக்குப் பல்லிச்சாமி என்று பெயர் வந்துவிட்டது. போகிற இடத்தில் எல்லாம் டிரைவரே விசாரிப்பார். "யார் மேலயாவது பல்லி விழுந்துதாங்க? சாமி கைவசம் இருக்காரு." தலை, முதுகு, முழங்கால் என்று எத்தனை பேருக்குத் தடவியிருப்பேன் என்று கணக்கில்லை.

இதை வீட்டில் நடித்தே காட்டியிருக்கிறேன். தோட்டக்காரரின் மீசை நடுங்கியதைக் காட்டியபோது மனைவி நெய்வதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். "நெஜமாவே நீ தொட்டியாப்பா?" என்று அப்போதே கேட்டாள். "அந்தப் பக்கமே போனதில்ல" என்று சொன்னேன். அதற்கும் சிரித்தோம்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. "தொடலதானே?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் வகுப்பில் அவள் தலையில் பல்லி விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், காலண்டர் அட்டையில் பல்லி விழும் பலன் போட்டிருக்குமே, அதைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். தலையில் விழுந்தால் பெற்றவர்களுக்கு ஆகாது. வெளியே சொன்னால் சீக்கிரம் பலித்துவிடும் என்பது அந்தப் பெண்ணே சேர்த்துக்கொண்டது. அம்மா எங்கேயும் போவதில்லை, வீட்டிலேயே தறியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு என்ன ஆகப் போகிறது? ஆக, மாட்டியவன் நான்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் வரதராஜர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்களாம். மிஸ் தூக்கிவிட இவள் பல்லியைத் தொட்டுவிட்டாள். அங்கே நின்றிருந்த கோயில்காரரிடம், "எங்க அப்பாவுக்கும் சேத்துத் தொட்டுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவரவர்தான் தொட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அதான் உன்ன கோயிலுக்குப் போலாம் போலாம்னு கூப்ட்டேன். மூணு வாட்டி கூப்ட்டேன். நீ அடுத்த தடவன்னு சொன்ன," என்றாள். "தொடாமலே தொட்டேன்னு எல்லாருக்கும் தடவிட்ட. அவங்களுது எல்லாம் உன் மேல வந்துருக்கும்."

கடைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எதுல போட்டுருக்குது? இந்தா, எங்களுதுல தலைன்னா கலகம்னுதான் இருக்குது. சாவுன்னு எங்க இருக்குது?"

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி எட்டிப் பார்த்தார். "எங்க வூட்டு காலண்டர்ல தலைன்னா பண வரவு."

"உங்க வூட்டுது நகைக்கடைக்காரன் குடுத்த காலண்டர். அவன் எங்க விழுந்தாலும் பண வரவுன்னுதான் போடுவான்," என்றாள் அந்த அம்மா. பிறகு மகளிடம் குனிந்து, "இங்க பாரு கண்ணு, என் தலைல மூணு வாட்டி விழுந்துருக்குது. மூணு வாட்டியும் என் மாமியாதான் ஊர்லேர்ந்து வந்தாங்க. வேற ஒண்ணும் ஆவல" என்றாள்.

விவசாயி சிரித்ததில் டீ புரை ஏறியது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் துணிப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததும்தான் அவள் எதற்காக நடந்து வந்தாள் என்பது எனக்கு விளங்கியது. என்னைத் தடுக்க அவள் வரவில்லை. தடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆகுமானால் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

எதிர்ப்பக்கம் காஞ்சிபுரம் போகிற பஸ் வந்தது. "வா, தொட்டுட்டு வந்துடலாம்" என்று எழுந்தேன். அவள் ஆறிப்போன வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

கோயிலில் பல்லிக்கு வரிசை நின்றது. முன்னால் திருநெல்வேலிக்காரர்கள் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். படியேறித் தொடுகிற இடத்தில் ஓர் இளவயது ஐயங்கார் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"போன மாசம் வந்து அப்பாவுக்கும் சேத்துத் தொடலாமான்னு கேட்டுதே, அந்தக் குழந்தைதானே இது? இவர்தான் அப்பாவா? எந்த ஊர்லேர்ந்து வரேள்?"

"இதே ஊருதாங்க. பிள்ளையார்பாளையம்."

"உள்ளூரா! இதுக்கு முன்னாடி தொட்டதே இல்லையா?"

"இல்லீங்க."

"பேஷ். சிங்கப்பூர்லேர்ந்து வந்து தொட்டுட்டுப் போறா. உமக்குப் பிள்ளையார்பாளையத்துலேர்ந்து வரதுக்கு இத்தனை வருஷம் ஆச்சாக்கும்!"

திருநெல்வேலிக்காரர்கள் சிரித்தார்கள். நான் படியேறினேன். வெள்ளிப் பல்லி, தங்கப் பல்லி, பக்கத்தில் சூரியன், சந்திரன். எத்தனையோ கை பட்டு வழவழவென்று இருந்தது. எனக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனாலும் கீழே நின்று ஒரு குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது கை தானாகவே மரியாதையாகத்தான் போகிறது.

"ரெண்டையும் தொடு. வால் வரைக்கும்!" என்று கீழேயிருந்து உத்தரவு வந்தது.

இறங்கியதும் என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "பசிக்குதுப்பா" என்றாள்.

பிரசாதக் கடையில் கோயில் இட்லி வாங்கினேன். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு வேகவைத்து வட்டமாக வெட்டித் தருகிற இட்லி. அதில் இரண்டு துண்டும் ஒரு தொன்னை புளியோதரையும் சாப்பிட்டாள். மூன்று மாதமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறாள் என்று அவள் அம்மா அழுததை நினைத்துக்கொண்டேன். குளக்கரையில் உட்கார்ந்து அந்த ஆறின வடையையும் மீனுக்குப் பாதி, தனக்குப் பாதி என்று தின்றாள். பல்லி விழுந்த அன்று வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண் எப்படிக் கத்தினாள் என்று கத்திக் காட்டினாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, டாக்டருக்கும் பாய்க்கும் அலைந்தது வீண் என்று தோன்றியது.

"பாத்தியா, எல்லாம் சரியாப்போச்சு," என்றேன். "லாரி இப்ப போயிருக்கும். நாளைக்கு வேலூர் கிட்ட வேல. நான் காலைல பஸ்ஸப் புடிச்சு அங்க போய் ஏறிக்கறேன். ரெண்டு நாள்ல வந்துடறேன்."

"சரிப்பா," என்றாள். நல்ல பிள்ளையாகத் தலையும் ஆட்டினாள்.

அடுத்த நிமிடம் அவள் முகம் வெளுத்தது. எழுந்து நாலடி ஓடி, தூணைப் பிடித்துக்கொண்டு, தின்றது அத்தனையும் வாந்தி எடுத்தாள். நான் துண்டால் வாயைத் துடைத்தேன்.

"அப்பா, இது பல்லி இல்லப்பா," என்றாள் அவசரமாக. ஏதோ நான் பல்லியைக் கோபித்துக்கொள்வேன் என்கிற மாதிரி. "பல்லி சரியாயிடுச்சு. இது அதுவா வருது."

"எப்பலேர்ந்து வருது?"

"நீ போறப்ப வரும். அப்புறம் நீ வரப்போறன்னு சொன்னியே, அந்த நாள் தாண்டிடுச்சுன்னா வரும்."

"அதான் எப்பலேர்ந்து?"

"ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து."

மூன்று மாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதில் நான் வீட்டை விட்டுப் போனபோது யாருக்கும் வயிறு வலித்ததாக எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். என் அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார், அவ்வளவுதான். போவதும் வருவதும் ஆம்பளைக்குச் சகஜம் என்று அதிலிருந்து நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். போகிறவன் பக்கமிருந்தே பார்த்துப் பழகிவிட்டேன்.

அவளைத் தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தாள். "வா, உங்க மிஸ்ஸப் பாக்கலாம்" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போனபோது உச்சிவெயில். வேப்பமரத்தடியில் யு.கே.ஜி. குழந்தைகள் பதினைந்து பேர் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன வயது டீச்சர், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் இன்னொன்றுமாக நின்றார். அவர்தான் எங்கள் மிஸ், சாப்பாட்டு வேளையில் சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார் என்று மகள் காதில் சொன்னாள்.

"வாங்க. நீங்கதான் அப்பாவா? நிஜமாவே இருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

"போர் லாரிமா. போனா எப்ப வருவோம்னு சொல்ல முடியாது."

"ஆனா ரெண்டு நாள்ல வரேன்னு சொல்லிட்டுத்தான் போறீங்களாம். உங்க பொண்ணு சொல்றா."

"அழுவக் கூடாதுன்னு சொல்றதும்மா."

"நீங்க சொன்னதுக்காக ரெண்டு நாள் அழாமத்தான் இருக்கா. மூணாவது நாள்லேர்ந்து எங்கிட்ட வந்து, 'மிஸ், ஆந்திராவுல இன்னிக்கு மழையா'ன்னு கேப்பா. ஆந்திரா எவ்ளோ பெரிசு! நான் எந்த ஊர் மழைய சொல்றது?"

டீச்சர் மரத்தடி மேசையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தார். பெற்றோருக்கான பத்து அறிவுரைகள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். குழந்தை டிவி பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று முதலில் இருந்தது.

"எங்க வூட்ல டிவி இல்லமா."

"சரி, அத விட்டுடுங்க."

"வீட்டுப்பாடம் செய்யும்போது அமைதியான அறை கொடுங்கள்னு இருக்குது. ஒரே ரூம்தான். அதுலதான் தறி ஓடுது."

"அதையும் விடுங்க."

"குழந்தையோடு சுற்றுலா செல்லுங்கள். இது இன்னிக்குப் பண்ணிட்டோம்."

டீச்சர் சிரித்துவிட்டார். "அந்தத் தாள எல்லாருக்கும் குடுக்கச் சொல்லி வந்துது, குடுத்தேன். உங்க பொண்ணுக்கு அதெல்லாம் வேணாம். நீங்க எப்ப இருப்பீங்க, எப்ப இருக்க மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்னு எனக்குத் தோணுது. எனக்கும் பெரிசா ஒண்ணும் தெரியாது. வேலைல சேந்து ஒரு வருஷம்தான் ஆச்சு."

அப்போது மரத்தடியில் ஒரு பெண் குழந்தை தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு, "எங்கம்மா எப்ப வருவாங்க!" என்று அலறியது. அதைப் பார்த்து மற்றவையும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகளை ஏற்றிப்போகிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் முழங்கால் பிசகி ஐந்து நாளாக வரவில்லையாம். இனி மிதிக்க முடியாது, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அம்மாக்கள் நெய்கிறதை நிறுத்திவிட்டு, எப்போது முடிகிறதோ அப்போது வந்து கூட்டிப்போகிறார்கள். ரிக்‌ஷா மட்டும் மதில் ஓரமாக நின்றது. மூன்று சக்கரம், தகரக் கூரை, உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு பலகை.

"உங்க தெருவுல ரிக்‌ஷா மிதிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று டீச்சர் கேட்டார். என்னை மனதில் வைத்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆள் தேடிக் கேட்டார்.

நான் ரிக்‌ஷாவைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள். எந்த வேலையிலும் எனக்கு வாய்தான் முந்திக்கொள்ளும். அன்றும் அதுதான் முந்திக்கொண்டது.

"நான் மிதிப்பேன்மா. ஓசூர்ல காய்கறி வண்டி ஓட்டிருக்கேன்."

டீச்சர் யோசித்தார். "கத்திரிக்கா அழாது. இதுங்க அழும்."

"பழகிக்கிறேன்."

"நீங்க பாட்டுக்கு ரெண்டு வாரம் ஓட்டிட்டுக் கிளம்பிட்டீங்கன்னா? காலைல இதுங்க வாசல்ல நின்னு காத்துக்கிட்டு இருக்குமே."

"போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் போவேன்."

"எவ்ளோ முன்கூட்டி?"

"ஒரு மாசம்."

டீச்சர் என் மகளிடம் திரும்பினார். "ஒரு மாசம் போதுமா?"

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "ரெண்டு மாசம்," என்றாள்.

நான் ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே ஒப்பந்தம் அதுதான். அன்று மத்தியானம் அவள் வகுப்புக்குப் போனாள். சாயங்காலம் வரை நான் ரிக்‌ஷாவின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு மதில் ஓரமாகவே இருந்தேன். ஜன்னல் வழியாக அவள் நாலைந்து தடவை எட்டிப் பார்த்தாள். அப்புறம் மறந்துவிட்டாள் போல.

வீட்டுக்குப் போனதும் மனைவி துணிப்பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"லாரி?"

"போயிடுச்சு."

"பின்ன?"

"ஸ்கூல் ரிக்‌ஷா. நாளைலேர்ந்து."

தறியின் நாடாவை ஓரமாக வைத்தாள். "உன்னால ஒரு எடத்துல உக்காரவே முடியாதே."

"உக்காந்துக்கினே ஓடறதுதானே."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்து, "காலைல எத்தினி மணிக்கு? சோறு கட்டணுமே" என்றாள்.

ஏழரை மணிக்கு. மறுநாள் ஏழு மணிக்கே மகள் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். வயிற்றைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள், அது தங்கியது. எந்தெந்த வீட்டில் எந்தக் குழந்தை என்று டீச்சரிடம் எழுதி வாங்கி வந்திருந்தாள். என் இருக்கைக்குப் பின்னால் பலகையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு வழி சொன்னாள். முதல் வீட்டில் வந்த வாண்டு என்னைப் பார்த்ததும் மிரண்டு, பழைய அங்கிள்தான் வேண்டும் என்று ஆணியடித்த மாதிரி நின்றது.

"இவரு எங்க அப்பா. ஒண்ணும் பண்ண மாட்டாரு. ஏறு," என்றாள் என் மகள்.

ஐந்தாவது வீடு தாண்டுவதற்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் ரிப்பனை அவிழ்த்தாள். ஒருவன் ஷூவைத் தெருவில் போட்டுவிட்டு இரண்டு தெரு தாண்டிச் சொன்னான். ஆழ்துளைக் குழாய் தூக்கிய தோள் என்னுடையது, ஆனாலும் மேட்டுத் தெருவில் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருந்தது. "வேகமாப் போங்க அங்கிள், பிரேயர் போயிடும்!" என்று உள்ளேயிருந்து ஒரே கூச்சல். வண்டி இடது பக்கமே இழுத்துக்கொண்டு போனது. வாசலில் பால் பாத்திரத்தோடு நின்ற ஒரு பெண்மணி, "இந்த ஆளாவது நிப்பாரா, இல்ல இவரும் ஓடிடுவாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டது காதில் விழுந்தது.

"ஓடறதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடி சொல்லுவாரு ஆன்ட்டி!" என்று என் மகள் பின்னாலிருந்து கத்தினாள்.

பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். அவள் கடைசியாகக் குதித்து, பையை மாட்டிக்கொண்டு, "யு.கே.ஜி.க்கு பன்னெண்டு மணி, எங்களுக்கு நாலு மணி. மாத்தி வந்துடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். முதல் மணி அடித்தது. இரண்டாவது நடைக்கு இன்னும் ஆறு பேர் தெருமுனையில் நிற்பதாகத் தாளில் இருந்தது. ரிக்‌ஷாவைத் திருப்பி ஏறி மிதித்தேன்.